மூன்று தட்டு

இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. தெருவை ஒட்டிய மரக்கதவில் விரல் முட்டியால் மெல்ல மூன்று தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று. அடிக்க வந்தவன் தட்டுகிற மாதிரி இல்லை. அடைக்கலம் கேட்கிறவள் தட்டுகிற மாதிரியும் இல்லை. உள்ளே படுத்திருந்த ஒன்பது பெண்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். எட்டுப் பேருக்கு அது யாரென்று தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்காகத் தூத்துக்குடியில் ஹெலன் டீச்சர் நடத்தும் இல்லம் அது. அன்று மத்தியானம்தான் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். இடுப்பில் நாலு வயது ஷைனி. பக்கத்தில் பதிமூன்று வயது மகன் ரெமி. அந்த மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தான்.

டீச்சர் படிவத்தை எடுத்தார். பெண்ணுக்கு என்ன காயம், பெண் குழந்தைக்கு என்ன காயம் என்று அதில் கட்டங்கள் இருந்தன. ஆண் பிள்ளைக்கு ஒரே கட்டம்தான்: வயது.

"பன்னிரண்டு தாண்டின பையன்களை இங்க வைக்கிறதில்லம்மா. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தன் ராத்திரி அப்பனுக்குக் கதவைத் திறந்துவிட்டுட்டான்."

"இவன் எங்க போவான் டீச்சர்?"

"திங்கக்கிழமை விடுதிக்கு எழுதித் தரேன். ரெண்டு ராத்திரிதானே, ஆம்பளப் பிள்ளை சமாளிச்சுக்குவான். இந்த ஒரு கதவுக்காக இருபது வருஷம் தெருத்தெருவா நின்னுருக்கோம். ஒருத்தனுக்குத் திறந்தா அதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

"நான் மாமா வீட்டுக்குப் போயிருவேன்மா" என்றான் ரெமி. புதிதாக உடைந்த குரல். அதைக் கேட்டதும் மூலையில் இருந்த முத்தரசி கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டாள். மூன்று வருஷம் முன்னால் அந்தப் பையன் அப்பனுக்குக் கதவு திறந்த ராத்திரி அவள் இங்கே இருந்தவள்.

ரெமிக்கு மாமாவே கிடையாது. சொன்னால் மூன்று பேரும் தெருவில். தெருவில் புருஷன் தேடிக்கொண்டிருக்கிறான். ஜெசிந்தா சொல்லவில்லை. ரெமி தனியாக வெளியே போனான்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் ரெமி அம்மாவையும் தங்கையையும் உள் அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, மூன்று தட்டு தட்டுவான். தாழ்ப்பாள் போட்டாச்சா என்று அதற்கு அர்த்தம். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தக் கதவை விட்டு நகர்ந்து அப்பன் முன்னால் போய் நிற்பான். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் வேறு சத்தம்.

இல்லத்திலும் ஒரு வழக்கம். கடைசியாக வந்தவள்தான் வாசல் பக்கம் படுத்துக் கதவைத் தாழிட வேண்டும். அன்று ஜெசிந்தா கதவைச் சாத்தினாள், தாழிடவில்லை.

மறுபடி மூன்று தட்டு.

"யக்கா, போடுங்க" என்றாள் முத்தரசி. "உங்க பிள்ளை தங்கமாவே இருக்கட்டும். அந்தக் குரல் உள்ள வந்தா எனக்கு மூச்சு நின்னுரும்."

"திறந்தா மூணு பேரும் வெளிய போகணும் ஜெசிந்தா" என்றார் டீச்சர்.

"அண்ணனுக்குத் திறம்மா" என்றாள் ஷைனி.

திறந்தால் மகளுக்கும் கூரை போகும். சும்மா இருந்தால் அவன் விடியும்வரை அங்கேயே நிற்பான், தேடி வருகிறவன் கண்ணில் படுவான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால் போய்விடுவான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஜெசிந்தாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி? அந்தக் கை என்ன செய்ய வேண்டும்?

விடை: முத்தரசியின் பயம் பொய்யில்லை. டீச்சரின் கதவும் வீணில்லை. ஆனால் பெண் படும் அடியை ஊருக்கே எடுத்துக் காட்டியவர்கள், அந்தப் பையனின் சட்டைக்கையை ஒருமுறைகூட மடக்கச் சொல்லவில்லை. அவன் வயதைப் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள், அதிலேயே அவனை அவன் அப்பனாக்கிவிட்டார்கள். தெரிந்தும் வாய் மூடியிருந்தவள் பெற்றவள். சரியாக நடந்தவன் ஒருவன்தான், அவன் கதவுக்கு வெளியே நின்றான். சரியானவனைக் கண்டுபிடித்தும் இந்தப் புதிர் அவிழவில்லை. ஐந்தாம் முறை மூன்று தட்டு கேட்டபோது, வீட்டில் எத்தனையோ இரவு செய்தது போலவே, மகனை வெளியே விட்டு ஜெசிந்தா உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.