சாமைச் சோற்றில் கலந்த நொய்

கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கு வழியாகப் பார்க்கிற ஆசாமிகள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. தைத்து வருகிற பனியன்களைச் சரிபார்த்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பெட்டியில் அடுக்குவதுதான் வேலை. மொத்தம் பன்னிரண்டு பேர். முதலாளி நாச்சிமுத்துவுக்கு எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'புரியுதுங்களா' போட்டால்தான் வாக்கியம் முடியும். "தண்ணி குடிங்க, புரியுதுங்களா. ஃபேனை நிறுத்துங்க, புரியுதுங்களா."

ஒரு நாள் மத்தியானம் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். எதிர்க்கடைப் புரோட்டா செய்த வேலை. மறுநாளே நாச்சிமுத்து அறிவித்தார்: "இனி மத்தியானச் சாப்பாடு இங்கயே. சாமைச் சோறு, கீரை, காய். ஒடம்புக்கு நல்லது. ஆனா மூணு நாள் சேர்ந்தாப்புல பானையில மிச்சம் கெடந்துச்சுன்னா சமையலை நிறுத்திருவேன், புரியுதுங்களா."

சொன்னபடி தினமும் இரண்டு மணிக்கு வந்து பானையைத் திறந்து பார்ப்பார். பிறகு வீட்டிலிருந்து வந்த தன் கேரியரைப் பிரிக்கப் போய்விடுவார்.

சமைக்க வந்தவள் தெய்வானை. பரிமாறுகிறவள் அவளுடைய அக்கா பழனாத்தாள். பெட்டி அடுக்கும் மேசையில் பதினொரு வருஷமாக வேலை பார்ப்பவள். சொல்லிக் கெஞ்சித் தங்கைக்கு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். இது போனால் தெய்வானைக்கு மறுபடியும் சாயப்பட்டறைதான். அங்கே வெந்த கைத் தோல் இன்னும் முழுசாகக் கூடவில்லை.

முதல் நாள் சாமைச் சோற்றை எல்லோரும் முறைத்துப் பார்த்தார்கள். "இது கோழிக்குப் போடறதுல்ல?" என்றாள் மடிக்கிற ராசாத்தி. "எங்க கோழி திங்காதுக்கா, அது கொஞ்சம் கௌரவம் பாக்கும்" என்றான் லோகு. அன்றைக்குப் பானையில் பாதி மிச்சம். மறுநாளும் பாதி.

மூன்றாம் நாள் பானை காலி.

"தெய்வானக்காவுக்கு இன்னைக்குத்தான் கைப்பக்குவம் வந்துருக்குது" என்று லோகு விரலை நக்கினான். பக்குவமும் இல்லை, ஒன்றும் இல்லை. சாமையோடு நொய்யரிசியைக் கலந்திருந்தாள். வெந்த பிறகு எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. காலையில் கூட உட்கார்ந்து களைந்து கொடுத்த பழனாத்தாளுக்கு மட்டும் தெரியும். நாள் போகப் போக நொய் ஏறியது, சாமை இறங்கியது. நாச்சிமுத்து தினமும் காலிப் பானையைப் பார்த்துப் பூரித்தார்.

இஸ்திரி மாஸ்டர் மருதாசலத்துக்குச் சர்க்கரை வியாதி. நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை என்பதால் வெளியே மூச்சு விடவில்லை. முன்பிருந்த மாஸ்டர் ஒருவர் தனக்குச் சர்க்கரை என்று வாய்விட்டுச் சொன்னதும், "வீட்டுல ரெஸ்ட் எடுங்க, புரியுதுங்களா" என்று முதலாளி அனுப்பிவைத்தார். அந்த மனிதர் இன்னும் ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் மருதாசலம் பழனாத்தாள் ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தார். மாத்திரை டப்பாகூட அவள் பைக்குள்தான் இருக்கும்.

வீட்டில் அரைவயிறு சாப்பிட்டுப் பழகியவருக்குச் சாமை என்றதும் ஒரு தைரியம். தினமும் கேட்பார்: "ஏனக்கா, சாமைதானே? இன்னொரு கரண்டி வாங்கலாமில்ல?"

"சாப்புடு தம்பி" என்று போடுவாள் பழனாத்தாள். கரண்டி நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுங்கவில்லை.

ஆறு வாரம் போயிற்று. மருதாசலத்தின் கால் விரலில் வந்த கொப்புளம் ஆறவே இல்லை. டாக்டர் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "நானூத்திப் பத்து. என்னங்க, தினமும் கல்யாண வீட்டுலயா சாப்பாடு?"

"சாமைங்க டாக்டர்."

"சாமை இந்த ஆட்டம் ஆடாதுங்க. இப்படியே போனா வெரலை எடுக்கணும்."

மறுநாள் மத்தியானம் மருதாசலம் தட்டை எடுக்காமல் பானை முன்னால் வந்து நின்றார். நாச்சிமுத்துவும் இருந்தார். "எனக்குச் சர்க்கரைங்க" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். "வெரல் போயிருமாம். இந்தச் சோத்துல என்ன இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் சாமைக்குத்தான் ஏற்பாடு பண்ணுனேன், புரியுதுங்களா" என்றார் நாச்சிமுத்து.

தெய்வானை மறைக்கவில்லை. "நொய் கலந்தனுங்க. இல்லீன்னா யாரும் திங்கறதில்ல, மிச்சமானா எனக்கு வேலையில்ல. உங்களுக்குச் சர்க்கரைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஒரு கிண்ணம் தனியா வடிச்சிருப்பனே."

மருதாசலம் பழனாத்தாளைப் பார்த்தார். "கூடப் பொறந்தவ பொழப்பு, தம்பி" என்றாள் அவள்.

பானையை மட்டும் பார்த்த முதலாளி. பானையில் கலந்த தங்கை. பானையிலிருந்து அள்ளிப் போட்ட அக்கா. இந்த மூவரில் மருதாசலத்துக்குத் துரோகம் செய்தது யார்?

விடை: நாச்சிமுத்துவுக்கு நொய்யும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. போட்ட நிபந்தனை முட்டாள்தனமானது. ஆனால் துரோகம் செய்யக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெய்வானைக்கு நொய் தெரியும், சர்க்கரை தெரியாது. அவள் அக்காவைத் தவிர எல்லோரிடமும் பொய் சொன்னாள், ஆனால் மருதாசலத்தைக் குறிவைக்கவில்லை. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் பழனாத்தாள். தங்கைக்காக ஊமையாக இருந்திருந்தால்கூட ஒரு பக்கம் நியாயம் பேசலாம். கேட்டவருக்கு "சாப்புடு" என்றாளே, அதற்கு என்ன பேசுவது? மருதாசலத்துக்கு இந்த விடை கிடைக்க ஒரு ராத்திரி ஆனது. முதலாளி இந்தத் தடவை யாரையும் ரெஸ்ட் எடுக்க அனுப்பவில்லை. அடுத்த நாள், தனியாக வடித்த சாமையோடு பழனாத்தாள் அவர் தட்டுக்குக் குனிந்தபோது, "குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் 'அக்கா' இல்லாமல் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.