மருதாயி மாடிக்குப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு மருத்துவச்சி இருந்தா. பேரு மருதாயி. கனத்த உடம்பு, முட்டி ரெண்டும் போயிருச்சு. ம் கொட்டு யாழி, அப்பதான் சித்தி சொல்லுவேன்.

"ம்."

ஒரு நாள் காலையில சிங்காரம் பொண்டாட்டி வடிவுக்கு மாடியில இடுப்பு வலி. அவளால இறங்க முடியல, மருதாயியால ஏணி ஏற முடியல. போகலேன்னா தாயும் புள்ளையும் பிழைக்கிறது கஷ்டம். அப்போ பித்தளை வார்க்கிற ரஞ்சிதம், "நான் தூக்கிவிடறேன்"னு வந்தா.

வாசல்ல குழி வெட்டி ஒரு சாண் அகலக் குழாயை நிறுத்தினா. அதுக்குள்ள தலை மூடின இன்னொரு குழாய், காத்து கசியாம வழுக்கிட்டுப் போகும். அடியில வெறும் காத்து, அதைச் சூடாக்கக் குழிக்குள்ள ஒரு அடுப்பு, உச்சியில ஒரு மணை. மருதாயி உக்காந்தா.

அப்புறம் சிங்காரம் அவசரத்துல விறகை அள்ளிப் போட்டான். குபுக்! காத்து பாரத்தைவிட அதிகமாத் தள்ளிருச்சு. மருதாயி துள்ளி, தொப்புன்னு விழுந்தா.

அப்புறம் பயந்துபோய் மணையைக் கயித்தால கட்டினாங்க. உள்ள சூடு ஏறுது, நகர வழியில்ல. பட்! கயிறு அறுந்து, மணை முன்னைவிட உசரத் துள்ளுச்சு. "பிரசவம் எனக்கா அவளுக்கா?"ன்னு கத்தினா மருதாயி.

ரஞ்சிதத்துக்கு வந்துச்சே கோபம்! எல்லாரையும் விரட்டிட்டு, நாலு சுள்ளி மட்டும் வச்சா. அப்போ மணை... மெதுவா... மெதுவா... ஏறுச்சு.

"காத்து ரொம்பத் தள்ளுச்சா சித்தி?"

இல்லடி. பாரம் எவ்வளவோ, தள்ளுறதும் அவ்வளவுதான். சூடு ஏற ஏறக் காத்து பெருகும், இடம் கேக்கும், அதுக்குத்தான் நகருது. குலுங்கவே இல்ல.

மாடி வந்துச்சு. மருதாயி கால வச்சா. "இறங்காத! பாரம் குறைஞ்சா மணை பாஞ்சிரும்!"னு கீழருந்து ரஞ்சிதம் கத்தினா. விரட்டினதும் ஏணியில மேல போன சிங்காரம் அங்க கையப் பிசைஞ்சிட்டு நின்னான், அவனும் நல்ல தொப்பைக்காரன். "நீ இங்க என்னத்துக்கு? ஏறு"ன்னா மருதாயி. இவ ஒரு கால எடுக்க, அவன் ஒரு கால வைக்க, அப்படியே ஆள் மாறினாங்க. தீய எடுத்ததும் காத்து ஆறிச்சு, சிங்காரம் கீழ இறங்கினான்.

பாதி வழியில, குவா! குவா!

"தீயப் போடுங்க, சீக்கிரம்!"னு அலறினான். ரஞ்சிதமா கேப்பா? அதே நாலு சுள்ளிதான். அவன் பறந்தான், மணை பறக்கல. ஊர்ந்து ஊர்ந்து மாடிக்கு வந்து நின்னுச்சு. அவன் இறங்குறதுக்குள்ள மருதாயி புள்ளைய அவன் கையில வச்சா.

வச்சதும், புள்ள பாரத்துக்கு மணை ஒரு விரல்கடை இறங்குச்சு.

சிங்காரம் அப்படியே ஓன்னு அழுதுட்டான். அவ்வளவு நேரம் அந்தப் புள்ளைக்காகத்தானே தவிச்சான்.

வடிவும் சிரிச்சா, கதையும் மாடியேறிருச்சு. கண்ண மூடு கண்ணு.