அடியில் போன கொட்டாங்கச்சி

அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஆமை, அணில், பெருச்சாளி, கொக்கு, தவளை. இவர்களில் தவளை பயணம் போக வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தது.

ஏரியில் புது வெள்ளம் வந்திருந்தது. நடுவில் இருந்த மேடு தீவாகிவிட்டது. அணிலின் பிள்ளைகள் மூன்றும் அந்த மேட்டில் இருந்தன. அவை காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. இரை தேட வந்த அணில் இக்கரையில் மாட்டிக்கொண்டது. அது நூறு பலாக்கொட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது.

ஆமையிடம் ஒரு சின்னப் பாய்ப்படகு உண்டு.

"அறுபது கொட்டை ஏற்றலாம். மீதியை நாளைக்குக் கொண்டுபோவோம்" என்றது ஆமை, தயங்கித் தயங்கி.

"அறுபதா!" என்று சிரித்தது பெருச்சாளி. "அண்ணே, உங்களுக்கு அடுக்கத் தெரியவில்லை. வளை தோண்டி வாழ்கிறவன் நான். இடத்தின் அருமை எனக்குத் தெரியும். நூறையும் ஒரே நடையில் ஏற்றிக் காட்டுகிறேன்!"

"ஏற்று தம்பி, ஏற்று! பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன" என்றது அணில்.

பெருச்சாளி படகுக்குள் குதித்தது. பாய்மரத்தின் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. படகில் புகும் தண்ணீர் அங்கேதான் சேரும். அதை இறைக்க ஒரு கொட்டாங்கச்சியும் கிடந்தது.

"இது ஏன் சும்மா கிடக்கிறது?" பெருச்சாளி கொட்டாங்கச்சியில் எட்டுக் கொட்டைகளைப் போட்டுப் பள்ளத்தில் இறக்கியது. அதன்மேல் மற்றவற்றை நெருக்கி அடுக்கியது.

"அந்தப் பள்ளத்தில் மட்டும் வேண்டாமே..." என்றது ஆமை.

"காலி இடம்தானே அண்ணே! அது இருக்கட்டும், உங்கள் ஓட்டுக்குள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நூறும் ஏறிவிட்டது. "அடடா, என்ன வேலைப்பாடு!" என்று கொக்கு பாராட்டியது. தவளை தவிர நால்வரும் ஏறிக்கொள்ள, படகு மேட்டை நோக்கி நகர்ந்தது. தவளை பக்கத்திலேயே நீந்தி வந்தது.

நடு ஏரியில் காற்று எழுந்தது. பாரத்தால் தாழ்ந்திருந்த படகுக்குள் அலை எட்டிப் பார்த்தது. அடுத்த அலை உள்ளேயே வந்துவிட்டது.

"தண்ணீர் இறைக்க வேண்டும்! கொட்டாங்கச்சி எங்கே?" என்று கத்தியது ஆமை.

"பத்திரமாக இருக்கிறது அண்ணே!"

"எங்கே பத்திரமாக?"

"எல்லாவற்றுக்கும் அடியில்!"

வேறு வழியில்லை. மேலே இருந்த கொட்டைகளை அள்ளி அள்ளி ஏரியில் வீசினார்கள். "ஐயோ, என் பிள்ளைகளின் சாப்பாடு!" என்று அழுதபடியே அணிலும் வீசியது. தொண்ணூற்றிரண்டும் மூழ்கிப் போயின.

"நான் அப்போதே சொல்லலாம் என்று இருந்தேன்!" என்றது தவளை.

கொட்டாங்கச்சி அகப்பட்டது. அதிலும் எட்டுக் கொட்டைகள்! அவற்றை எங்கே வைப்பது? கீழே கொட்டினால் இறைக்கும் தண்ணீரோடு போய்விடும். காலால்கூட அணைத்து வைக்க முடியாதபடி படகு ஆடியது. காலியாக இருந்தவை வாய்கள்தாம். அணில் ஒன்றைக் கவ்வியது. கொக்கு அலகில் இரண்டு. பேசிக்கொண்டே இருந்த பெருச்சாளியின் வாயில் மீதி ஐந்தையும் திணித்தார்கள். அதன் பிறகு படகில் நல்ல அமைதி.

ஆமை இறைத்தது, இறைத்துக்கொண்டே இருந்தது. படகு எப்படியோ மேட்டைத் தொட்டது.

எல்லோரும் வாயைத் திறந்தார்கள். கொக்கு எண்ணியது. "ஏழுதான் இருக்கிறது! ஒன்று எங்கே?"

"பெரிய அலை வந்தபோது பயத்தில் விழுங்கிவிட்டேன்" என்றது பெருச்சாளி, தரையைப் பார்த்தபடி. பிறகு மெல்லக் கேட்டது: "நாளைக்கும் வேறு கொட்டை தேடிக் கொண்டுவர வேண்டுமே, நானே அடுக்கட்டுமா?"

"அடுக்கு. ஆனால் பள்ளத்தையும் கொட்டாங்கச்சியையும் தொட்டால் நீ நீந்தித்தான் வர வேண்டும்!" என்றது ஆமை. அது அவ்வளவு பலமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கொட்டை தின்றன. மீதம் ஒன்று.

எந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று தெரிந்தவரே நன்றாக அடுக்கத் தெரிந்தவர்.