அம்பலவாணர் பார்க்காத யானை

முல்லைக்கோட்டை அரண்மனையிலேயே அதிகமாகத் தும்முகிறவர் கஜானா அதிகாரி அம்பலவாணர்தான். மூக்குப்பொடி மேல் மனிதருக்கு அப்படி ஒரு பிரியம். அதற்கு அடுத்த ஆசை, கூடம் நிறைய ஒரு தேக்கு ஊஞ்சல். "ஆனைமடுக் காட்டை மட்டும் வெட்டக் கொடுங்கள், ஊஞ்சல் என் செலவு" என்று ஒரு மர வியாபாரி அவர் காதில் போட்டு வைத்திருந்தான். அன்றிலிருந்து அம்பலவாணருக்குக் கனவில்கூட ஊஞ்சல் ஆடியது.

ஒருநாள் சபையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"மகாராஜா, ஆனைமடுவுக்குக் காவல் போட்டு மாசாமாசம் சம்பளம் அழுகிறோம். பதிலுக்குக் காடு நமக்கு என்ன தருகிறது? கொசுதான். மரங்களை விற்றால் கஜானா நிரம்பும்."

அரசர் வெற்றிவேல் பூபதிக்கு அந்தக் காட்டின் மேல் உயிர். ஆனால் மழை பொய்த்த வருஷம், கஜானா இளைத்துக் கிடந்தது.

"காடே தன் காவலுக்குச் சம்பாதித்துக் கொண்டால்?" என்றார்.

"அருமையான யோசனை!" என்று பாய்ந்தார் அம்பலவாணர். "ஆனால் காடு காடாகவே இருக்க வேண்டுமே! அங்கிருந்து ஒரு சுள்ளி, ஒரு சொட்டுத் தேன், ஒரு இலைகூட வெளியே வரக்கூடாது. தை பிறக்கும்வரை பார்ப்போம். முடியாவிட்டால் கோடாரி."

முடிச்சை நன்றாக இறுக்கிவிட்டோம் என்ற திருப்தியில் ஒரு சிட்டிகை பொடி போட்டுத் தும்மினார்.

"இதை யாராலாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார் அரசர். கடைசி வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்தான். குறும்புக்குப் பேர்போன மருதக்கூத்தன்தான்.

"செய்யலாமே மகாராஜா. விற்ற பிறகும் இருந்த இடத்திலேயே இருக்கிற சரக்கு ஒன்று அங்கே கிடக்கிறது. அதை விற்றுவிடுகிறேன்."

சில நாளில் ஊரெங்கும் தண்டோரா. "ஆனைமடுவில் யானை குளிப்பதைப் பார்க்கலாம்! ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு! செருப்பு கூடாது! பேச்சு கூடாது! தினம் சின்னக் கூட்டத்துக்குத்தான் இடம்! பல்லக்கில் வருகிறவர்கள் பல்லக்கோடு திரும்பிப் போகலாம்!"

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லிக் கேட்டறியாத பெரிய மனிதர்களெல்லாம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அம்பலவாணர் அந்த வரிசையை எட்டிப் பார்த்தார். ஊஞ்சல் கைநழுவிப் போகிறதே! இதில் ஏதோ மோசடி இருக்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று முண்டாசு கட்டி, மஞ்சள் வியாபாரி வேஷத்தில் கிளம்பினார்.

காவல்காரி மாசாணி கூட்டத்தை நடத்திப் போய் ஒரு புதர் மறைவில் உட்கார வைத்தாள். எதிர்க்கரையில் மூங்கில் அசைந்தது. அம்பலவாணருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. பரபரப்பு வந்தால் அவர் கை தானாகப் பொடி டப்பிக்குப் போய்விடும். போயிற்று.

"ஹச்ச்!"

எதிர்க்கரையில் தடதடவென்று சத்தம். அப்புறம் ஈ காக்கை இல்லை.

"சாமி, ஆனைக்கும் உங்களுக்கும் இன்னிக்கி ஒத்துவரல. இன்னொரு நாள் வாங்க" என்றாள் மாசாணி.

மறுநாள் வெற்றிலைக் கடைக்காரன் தான் பார்த்த யானைக் குட்டியைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை. 'மோசடியைப் பிடிக்கத்தான் போகிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி காசு கொடுத்துப் போனார். மறுபடி தும்மினார். அதற்கடுத்த முறை, பொடி டப்பியை மாசாணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்று வீடு திரும்பியவர் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தை பிறந்தது. காவலர்களுக்குக் காட்டு வருமானத்திலேயே சம்பளம் கொடுத்தாயிற்று என்றான் மருதக்கூத்தன். வருகிறவர்களுக்குக் கம்மங்கூழ் ஊற்றிப் பிழைக்கும் காட்டோர ஊர்க்காரர்கள்கூட விறகு வெட்டுவதை விட்டுவிட்டார்களாம்.

அம்பலவாணர் எழுந்தார். என்ன இருந்தாலும் ஊஞ்சல் ஊஞ்சல்தானே!

"மோசடி மகாராஜா! நானே வேஷம் போட்டுப் போய்ப் பார்த்தேன். அங்கே யானையே கிடையாது. இல்லாத யானைக்குக் காசு வாங்குகிறான். காட்டை வெட்ட உத்தரவு கொடுங்கள்!"

அரசர் முகம் வாடிவிட்டது. மருதக்கூத்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அதிகாரி சொல்வது சரிதான் மகாராஜா. பெரிய யானை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு குட்டி உண்டு. பாவம், நொண்டி. தண்ணீரைக் கண்டாலே பயம். ஒரு மூலையில் தூங்கி வழியும். அதைக் காட்டித்தான் காலம் தள்ளினோம்."

"எது நொண்டி?" என்று துள்ளினார் அம்பலவாணர். "வாய் கூசவில்லையா உனக்கு? என்ன ஓட்டம் ஓடியது அது! அம்மா கால் நடுவே நுழைந்து, வழுக்கிப் பொத்தென்று சேற்றில் விழுந்து, எழுந்த வேகத்தில் அம்மா முகத்திலேயே தண்ணீரை அடித்ததே! பக்கத்தில் நின்ற கிழட்டு யானை தும்பிக்கையால் அதன் முதுகில் ஒன்று வைத்ததே! அதைப் போய் நொண்டி என்கிறானே, மகாராஜா!"

அம்பலவாணர் மெல்ல வாயைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை தடவை போனீர்? முதல் தடவையே பார்த்துவிட்டீரோ?" என்றார் அரசர்.

"இல்லை, மகாராஜா."

"இரண்டாம் தடவை?"

"அப்போதும் இல்லை..."

"ஒன்றையுமே பார்க்காதவர் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வந்திருக்கிறார்" என்றான் மருதக்கூத்தன். "இதைவிட லாபமான கடை நம் நாட்டில் எங்கே இருக்கிறது, மகாராஜா?"

அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். "பிறகு ஏன் ஐயா இல்லை என்றீர்?"

அம்பலவாணர் ஊஞ்சல் கதையை ஒப்புக்கொண்டார். "உமக்கு இனிமேல் தரைதான்" என்றார் அரசர். ஆனைமடுவில் இனி எந்தக் காலத்திலும் கோடாரி நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டு, மருதக்கூத்தன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார்.

சபை கலைந்ததும் அம்பலவாணர் தலையைச் சொறிந்தபடி மருதக்கூத்தனிடம் வந்தார்.

"ஏம்பா, நாளைக்கு இடம் இருக்கா?"

"இருக்கு ஐயா. பொடி டப்பியை மட்டும் வீட்டிலேயே வச்சிட்டு வாங்க."

"வீட்டில் ஏதுப்பா டப்பி? அன்னைக்கு மாசாணிகிட்ட கொடுத்தது, திரும்ப வாங்க மறந்தே போச்சு."