மேனேஜரின் ராசியான கை

ஊட்டியில் ஒரு ஹோட்டல். அந்த ஹோட்டலில் துணி காய வைக்க ஒரு டிரையர். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது கிளம்பவே மாட்டேன் என்றது. பட்டனை அழுத்தினால் ஒரு முனகல், அவ்வளவுதான். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே மலை போல ஈரப் போர்வைகள்.

மேனேஜர் தண்டபாணி குதித்தார். “கெடுத்தது யாரா இருந்தாலும் சரி, இத்தனையும் கையால பிழியணும்!” பார்வை மட்டும் சலவை வேலை பார்க்கும் பூவாத்தாள் மேல்.

“யாரா இருந்தாலுமாங்க சார்?”

“யாரா இருந்தாலும்!”

“நேத்து பூஜையில மெஷினுக்குப் பொட்டு வச்சது நீங்கதானுங்களே?”

“பின்னே? ராசியான கை! வேற யாரையும் தொட விட்டேனா?”

பூவாத்தாள் டிரையர் கதவைத் திறந்தாள். கொக்கி மாட்டும் ஓட்டையைக் கொண்டை ஊசியால் நோண்டினாள். காய்ந்த சந்தனம் கட்டியாக விழுந்தது. சாத்தியதும் கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது, பட்டனை அழுத்தியதும் டிரையர் ஜம்மென்று சுற்றியது.

மேனேஜர் ஒரு போர்வையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.

“விடுங்க சார், அதான் மெஷின் ஓடுதே” என்றாள் பூவாத்தாள். “அடுத்த வருஷம் பொட்டை நெத்தியில வைங்க. வாய்க்குள்ள அப்பினா, சாமியே ஆனாலும் எப்படிங்க பேசும்?”