ஐந்து சதத்து எலி

"அம்மா, இந்த அஞ்சு சதக் குத்தியிலை இருக்கிறது தெய்வமோ, எலியோ?"

குணநாயகம் காசை நீட்டினார். பூரணி அதை வாங்கிப் பார்த்தாள். காசில் ஒரு பீவர், மரம் கொறித்து அணை கட்டுகிற பெரிய எலி போன்ற பிராணி, கரையில் குந்தியிருந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியுது, அண்ணை?"

"அதுதான் தெரியேல்லை. தெரிஞ்சால் ஏன் காலமை வெள்ளன எழும்பி இஞ்சை வாறன்?"

குணநாயகத்துக்கு அறுபத்து நான்கு வயது. பூரணிக்கு நாற்பத்தொன்று. ரொறன்ரோவுக்கு வடக்கே, காட்டு றோட்டு முடிகிற இடத்தில் அவள் தனியே இருந்தாள். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம்முடைய சனத்துக்குப் பதில் சொல்லாதவர்கள் மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

குணநாயகம் அவளைக் குருவாக எண்ணி ஆறு வருடமாக வருகிறார். மகள் வயதுக்காரியை அம்மா என்று கூப்பிட அவருக்கு முதல் மாதம் மட்டும்தான் கூச்சமாக இருந்தது.

"விஷயத்தைச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்ரை காணிக்குள்ளாலை ஒரு ஓடை போகுதெல்லோ. அதுக்குக் குறுக்கை பீவர் அணை கட்டிப்போட்டுது. பல்லாலை மரத்தை அரிஞ்சு விழுத்தி, கொப்பையும் சேத்தையும் போட்டு அடைச்சு வைச்சிருக்கு. தண்ணி ஏறி ஏறி மிளகாய்த் தோட்டத்துக்குள்ளை வந்திட்டுது. எட்டு வரியிலை அஞ்சு வரி போச்சு. இனிக் கத்தரியும் போகப் போகுது."

"சபைக்காரருக்குச் சொன்னியளோ?"

"சொன்னனான். வெள்ளிக்கிழமை பொறி வைக்கிறவன் வருவான். நான் இந்தக் கடுதாசியை நிரப்பிக் கையெழுத்து வைச்சுக் குடுக்கவேணும்."

"வைச்சால்?"

"தாயும் தேப்பனும் மூண்டு குட்டியும். எல்லாம் சாகும்."

"அப்ப வையுங்கோ."

"எப்பிடி வைக்கிறது? குடியுரிமை தந்த அண்டைக்கு ஒரு மனிசி மேடையிலை பேசினவ. பீவர் இந்த நாட்டின்ரை சின்னம், உழைப்புக்கு அடையாளம், நீங்களும் அதைப்போல உழையுங்கோ எண்டு. நான் முன் வரிசையிலை இருந்து கை தட்டினனான். முப்பது வருஷம் ரெண்டு வேலை செய்தனான். இப்ப அதைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்துக் கேக்கினம். ஆரை நம்புறது?"

பூரணி காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவு நாளும் என்ன செய்தனியள்?"

"நாள்தோறும் காலமை போய் அணையை உடைக்கிறன். அடுத்த நாள் பாத்தால் அடைச்சிருக்கும். நான் ஒரு சாண் உடைச்சால் அது ரெண்டு சாண் கட்டுது."

"எத்தினை நாளாய்?"

"இருபத்து மூண்டு."

"நாளைக்கு வாறன்" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூரணி வந்தாள். குணநாயகம் மண்வெட்டியோடு அணையில் நின்றார். அன்றைய உடைப்பு முடிந்திருந்தது. தண்ணீர் சளசளவென்று பாய்ந்தது.

"உங்கடை ஃபோனைத் தாங்கோ."

கொடுத்தார். அவள் தண்ணீர் பாய்கிற சத்தத்தை அதில் பதிவு செய்தாள். பிறகு அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, ஓடையிலிருந்து பத்தடி தள்ளி, காய்ந்த மண்ணில் வைத்தாள். சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும்படி விட்டாள்.

"அம்மா, அது புது ஃபோன்."

"நாளைக்குப் பாப்பம்."

அன்று அவருக்கு யாரோடும் பேச வழியில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஞாயிற்றுக்கிழமையை அவர் கண்டதில்லை.

*

திங்கட்கிழமை காலை ஃபோனைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறும் சுள்ளியும் குவிந்து கிடந்தன. குணநாயகம் கையால் தோண்டினார். ஃபோன் அடியில் கிடந்தது, செத்துப்போய்.

அவருக்குக் கோபம் வந்தது. சீடனாக இருப்பதால் அதை பீவர் மேல் திருப்பினார்.

"இதுக்கு விசரோ? இஞ்சை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. எதை அடைச்சது?"

"சத்தத்தை."

"சத்தத்தையோ?"

"தண்ணி பாயிற சத்தம் கேட்டால் அதாலை இருக்கேலாது. அடைச்சால்தான் மனம் ஆறும்."

குணநாயகம் அணையைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, பிறகு புரியவில்லை.

"கை கழுவுவம், வாங்கோ" என்றாள் பூரணி.

கிணற்றடிக்குப் போனார்கள். அவர் தண்ணீர் அள்ளி ஊற்றினார்.

"கிணத்திலை நல்ல தண்ணி" என்றாள் பூரணி.

"ஓம். போன வருஷமும் முந்தின வருஷமும் ஆடியிலை வத்திப்போச்சு. குடிக்கிறதுக்கும் கடையிலைதான் வாங்கினனான். இந்த வருஷம் ஆவணி பிறந்தும் குறையேல்லை. கந்தனுக்கு நேர்த்தி வைச்சனான்."

"கந்தன் எந்தப் பக்கத்தாலை தண்ணி கொண்டுவந்தவர்?"

அவர் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிணற்றுக்கும் அணையால் தேங்கிய அந்தப் புதுக் குளத்துக்கும் இருபது காலடி தூரம்தான் இருக்கும். குளத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. போன வருடம் அங்கே கொக்கும் இல்லை, தவளையும் இல்லை, புழுதிதான் இருந்தது.

"அப்ப அது தெய்வம்" என்றார் மெல்ல.

"மிளகாய்?"

"அழுகிப்போச்சு."

"அப்ப?"

"எலி."

"கிணறு?"

"ஐயோ அம்மா, ஒண்டைச் சொல்லுங்கோ. ரெண்டிலை எது?"

"இது அதின்ரை தலையிடி இல்லை, அண்ணை. அது தன்ரை பாட்டிலை பீவராய் இருக்குது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தார். வந்தபோது இருந்ததைவிட இப்போது குழப்பம் கூடியிருந்தது. குருவிடம் போனால் தெளிவு வரும் என்று சொன்னவன் எவனென்று அவருக்கு அறியவேண்டும் போல இருந்தது.

"வியாழன் வரைக்கும் உடைக்காதேயுங்கோ" என்று சொல்லிவிட்டு பூரணி போனாள்.

*

உடைக்காமல் இருப்பது உடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி போய்த் திரும்பினார். புதன்கிழமை அதைக் காருக்குள் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை பொழுது சாய முன்னம் பூரணி வந்தாள். இருவரும் கரையில் நின்றார்கள். எங்கும் சத்தமில்லை.

தண்ணீரில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் முனையில் பீவரின் தலை. அது அணைப் பக்கம் வந்து, எட்டிப் பார்த்து, திரும்பியது. கரையோரம் ஒரு கொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டையைக் கொறித்தது. பிறகு சும்மா மிதந்தது. குட்டி ஒன்று வந்து அதன் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது.

குணநாயகம் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது வேலையே செய்யேல்லை, அம்மா."

"ஓம்."

"பெரிய உழைப்பாளி எண்டெல்லோ சொன்னவை. நானும் இருபத்து மூண்டு நாள் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"நீங்கள் உடைச்சனியள்."

அவர் தோட்டப் பக்கம் போய்ப் பார்த்தார். தண்ணீர் திங்கட்கிழமை நின்ற இடத்தில்தான் நின்றது. ஆறாவது வரி மிளகாய் நனையாமல் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை பொறிக்காரன் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. எட்டரைக்குக் குணநாயகம் காரின் முன்மூடியில் கடுதாசியை வைத்துக்கொண்டு நின்றார். பேனா கையில் இருந்தது. பூரணி பக்கத்தில் நின்றாள்.

"ஏன் இன்னும் எழுதேல்லை?"

"ரெண்டு பெட்டி இருக்குது, அம்மா. மேலை இருக்கிறதிலை காணிச் சொந்தக்காரரின்ரை பேர் கேக்குது. கீழை இருக்கிறதிலை தொல்லை குடுக்கிறது எது எண்டு கேக்குது."

"அதுக்கென்ன?"

"எதுக்குள்ளை ஆரை எழுதிறது?"

பூரணி சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது.

"எழுதாமல் விட்டால் அவன் பொறி வைக்க மாட்டான்" என்றார்.

"ஓம்."

"அஞ்சு வரியும் இனி இல்லை."

"இல்லை."

"அடுத்த வருஷம் வேறை பீவரும் வரும். இன்னும் ஏறும்."

"ஏறலாம்."

"அப்ப நான் எங்கை போறது?"

பூரணி அவருடைய காலைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார்.

"நீங்கள் மேட்டிலைதானே நிக்கிறியள், அண்ணை."