ஒன்பதாவது வளைவு

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அந்த மடத்துக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி. செவ்வாய்க்கிழமை தோறும் அது இருபது மூட்டை அரிசியும் ஒரு மருந்துப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மேல்காட்டு ஊருக்குப் போகும். திரும்பும்போது உடம்புக்கு முடியாதவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும். மேல்காட்டுக்கு வேறு வண்டி கிடையாது.

வழியில் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் வண்டி நின்றுவிடும். கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். மலைக்காரர்கள் அதற்குத் தள்ளுவண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வண்டியை ஓட்டியவர் மாதப்பன். நாற்பது வருஷம் லாரி ஓட்டியும் ஸ்பேனர் பிடித்தும் பிழைத்து, சம்சாரம் போனபிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வயது அறுபத்திரண்டு. மடத்தின் குரு சிவகாமி அம்மாவுக்கு நாற்பத்தைந்துதான். மாதப்பன் அவரை "அம்மா" என்பார். அவர் மாதப்பனை "அண்ணே" என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வண்டி புறப்படும்போதே போன் வந்தது. மேல்காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்று. கூட ஆள் சேரக் காத்திராமல் மாதப்பன் தனியாகப் பறந்தார். ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றது. நல்ல மழை. தள்ள ஆள் இல்லை.

மூட்டைகளை இறக்கிப் போட்டிருந்தால் வண்டி ஏறியிருக்கும். ஆனால் அது பூசையில் வைத்து எடுத்த அரிசி. ஊர் போய்ச் சேரும்வரை தரையில் படக்கூடாது என்பது மடத்து வழக்கம். மாதப்பன் சேற்றைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். இறக்கவில்லை. கல்லை முட்டுக் கொடுத்து, தோளைக் கொடுத்து, தனியாகத் தள்ளிப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மேலேயிருந்து நாலு பேர் தூளி கட்டிச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். முன்னால் பிடித்து வந்தவன் சடையன். தூளியில் கிடந்தது அவனுடைய அண்ணன். மூச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

சடையன் வண்டியைப் பார்த்தான். பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளையும் பார்த்தான்.

"நீ தள்ளிக்கிட்டே இரு. எங்க அண்ணன் போயிட்டான்" என்றான்.

அந்த வாரமே தர்மகர்த்தா பச்சியப்பன் மடத்துக்கு வந்தார்.

"இந்த வண்டியை இரும்புக் கடையில போட்டுடலாம். மலைப் பயணமும் வேண்டாம். கெட்ட பேர்தான் மிச்சம்" என்றார்.

"எஞ்சினை மாத்தறேன். டவுன்ல நம்ம சிநேகிதன் பழைய இரும்புக் கடையில ஒரு புது ஜீப்பு கிடக்குது. லாரி இடிச்சு பின்பாதி நசுங்கிப்போச்சு. எஞ்சின்ல ஒரு கீறல் இல்லை. டர்போ எஞ்சின். கேட்டாக் குடுப்பான்" என்றார் மாதப்பன்.

தர்மகர்த்தா சிரித்தார். "கிழவனுக்குக் காவி, கிழட்டு வண்டிக்கு டர்போ. நல்ல ஜோடி."

மாதப்பன் முகம் கறுத்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து தர்மகர்த்தா முன்னால் வைத்தார்.

"மாத்தட்டும்" என்றார்.

"கார்த்திகை முதல் செவ்வாய் வரைக்கும் பார்க்கறேன் அம்மா. முழுச் சுமையோட, ஒருத்தரும் இறங்கித் தள்ளாம, ஒன்பதாவது வளைவு ஏறணும். இல்லேன்னா வண்டியும் கிடையாது, பயணமும் கிடையாது. நானே கூட வந்து பார்ப்பேன்."

"வாங்க" என்றார் அம்மா.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க ஒரு மாதம் ஆயிற்று. எஞ்சின் மடத்துக்கு வந்து இறங்கியது. மாதப்பன் அதைத் தொடாமல் முதலில் வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டார்.

"எஞ்சின்தானே மாத்தப் போறீங்க?" என்றார் அம்மா.

"அதைவிடப் பெரிசா பிரேக்கு வேணும்மா. இது இழுக்கிற இழுவைக்குப் பழைய பிரேக்கு சாமி கும்பிடத்தான் ஆகும்."

அம்மா சிரித்துவிட்டார். மாதப்பன் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சடையன் சொன்ன சொல்லு தூங்க விடமாட்டேங்குது. ஜபம் பண்ண உட்கார்ந்தா அதுதான் வாயில வருது. அதை எங்க கொண்டுபோய்க் கொட்டட்டும்?"

அம்மா எஞ்சினின் பக்கவாட்டில் நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருந்த ஒரு பாகத்தைக் காட்டினார்.

"இது என்னண்ணே?"

"அதுதாம்மா டர்போ."

"என்ன செய்யும்?"

மாதப்பனுக்குத் தன் கேள்வி மறந்துவிட்டது. "எஞ்சின் வெளிய தள்ற புகை இருக்குதில்ல, அது வந்து இதுக்குள்ள ஒரு சக்கரத்தைச் சுத்தும். அது சுத்தினா இந்தப் பக்கம் இன்னொரு சக்கரமும் சுத்தும். அது வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து நிறையப் போனாத் தீ நல்லாப் பிடிக்கும். மலை ஏறும்."

"வெளிய போற புகையா?"

"அதே புகைதான். கறுப்பு, நாத்தம், சூடு. பழைய எஞ்சின் அதைச் சும்மா ரோட்டுல கொட்டிட்டுப் போயிரும்."

"ம்."

"ஒரே ஒரு பத்தியம் உண்டும்மா. மலை ஏறி முடிச்ச உடனே அணைக்கக் கூடாது. இந்தச் சக்கரம் நெருப்பாச் சுட்டுக்கிட்டு இருக்கும். எஞ்சின் ஓடினாத்தான் இதுக்கு எண்ணெய் வரும். பட்டுனு அணைச்சா எண்ணெய் கருகிச் சக்கரம் இறுகிப்போகும். ரெண்டு நிமிஷம் நின்ன இடத்துலயே ஓடவிடணும்."

அம்மா தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அவர் போன பிறகுதான் மாதப்பனுக்கு ஞாபகம் வந்தது.

எஞ்சின் உள்ளே உட்கார்ந்தது. எஞ்சினைத் தாங்கும் இரும்புகளை வெட்டி வெல்டிங் வைத்தார். பெரிய ரேடியேட்டர் வைத்தார். எல்லாம் முடிந்து பானட்டை இறக்கினால், அது மூடவில்லை. நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் அறுத்து வழி விடவேண்டும்.

பானட்டின் நடுவில் ஒரு விளக்கு வரைந்திருந்தது. மடத்தின் முந்தைய குரு, பெரிய சாமி, தன் கையால் வரைந்த விளக்கு. மாதப்பன் அறுக்கும் மெஷினை எடுத்தபோது தர்மகர்த்தா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்ன தைரியம்யா உனக்கு! பெரிய சாமி கைப்பட வரைஞ்சது. இதுல கத்தி வெப்பியா?"

மாதப்பன் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். கீழே கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தார். விளக்கின் சுடர் நடுவாக நேர்கோடு ஒன்று இழுத்தார்.

"இங்க அறுங்கண்ணே."

"அம்மா! உங்க குரு கை அது" என்றார் தர்மகர்த்தா.

"அந்தக் கையை எனக்குத் தெரியும். வண்டி மலை மேல போகணும்னு வரைஞ்ச கை."

மெஷின் கிறீச்சிட்டது. தகடு ஆடாமல் இருக்க அம்மாவே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பொறி பறந்து சேலையில் நாலைந்து இடத்தில் ஓட்டை விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

கார்த்திகை முதல் செவ்வாய். இருபது மூட்டை. மருந்துப் பெட்டி. முன்னால் மூன்று பேர்: மாதப்பன், அம்மா, கதவோரம் தர்மகர்த்தா.

எட்டு வளைவும் ஏறியாயிற்று. ஒன்பதாவது வந்ததும் தர்மகர்த்தாவின் கை தன்னால் கதவைத் திறக்கப் போயிற்று.

"எங்க இறங்கறீங்க?" என்றார் மாதப்பன்.

"பழக்கம்" என்று தர்மகர்த்தா கையை இழுத்துக்கொண்டார்.

மாதப்பன் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஒரு கணம் வண்டி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு பானட்டுக்குள் ஒரு விசில் எழுந்தது. சின்னதாய்த் தொடங்கி, கூராகி, காதை நிறைத்தது. முட்டுக் கொடுத்த கல் இன்னும் அங்கேயே கிடந்தது. வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

பன்னிரண்டாவது வளைவில் உச்சியம்மன் கோயில். ஊரின் வாசலும் அதுதான். எந்த வண்டி ஏறினாலும் அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் சூடம் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓட ஓட அம்மன் முன்னால் நின்ற வண்டி முழுசாகக் கீழே இறங்காது என்பது அந்த மலையில் எல்லாரும் சொல்கிற பேச்சு.

வண்டி நின்றது. மாதப்பனின் கை சாவிக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

"அணை" என்றார் தர்மகர்த்தா.

"ரெண்டு நிமிஷம்."

"யோவ், அம்மன் முன்னாடிய்யா!"

"தெரியுது."

"தெரிஞ்சுமா உறுமிக்கிட்டு நிக்கறே? நாலு தலைமுறை வழக்கம் இது. அணைக்கப் போறியா இல்லையா?"

மாதப்பன் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  

"அன்னிக்கும் வழக்கம்தான் பார்த்தேன். அரிசி தரையில படக்கூடாதுன்னு நின்னேன். ஒரு மனுசன் தரையோட போயிட்டான். இன்னிக்கு இதை அணைச்சா அடுத்த வாரம் இந்த வண்டி ஏறாது. அணைக்க மாட்டேன்."

"அம்மன் கேப்பாய்யா!"

"கேக்கட்டும். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க சும்மா உட்காருங்க."

தர்மகர்த்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கினார். தேங்காய், சூடம் எடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காற்றுக்கு உள்ளங்கையை மறைப்பாக வைத்துச் சூடம் ஏற்றினார். கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பிறகு கொஞ்சம் குங்குமம் எடுத்துவந்து பானட்டில் அறுபட்ட விளிம்பில் வைத்தார்.

அதற்குள் ஊர் ஆட்கள் மூட்டை இறக்க வந்துவிட்டார்கள். அவர்களில் சடையனும் இருந்தான். ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாதப்பனின் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றான்.

"இன்னிக்கு வந்துட்டே."

மாதப்பன் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

"அன்னிக்கு வரலே."

சொல்லிவிட்டு மூட்டையோடு நடந்தான்.

இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. மாதப்பன் சாவியைத் திருப்பினார். மலை முழுக்க அமைதியானது. அவர் இறங்கி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"கேட்டீங்களாம்மா? வண்டியையே மாத்திட்டேன். அந்தச் சொல்லு மட்டும் அப்படியே நிக்குது. அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலே. அதை எங்கதான் கொட்டறது?"

அம்மா ஒன்பதாவது வளைவு இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு பானட்டின் அறுத்த வழியே தெரிந்த அந்த நத்தைக் கூட்டைப் பார்த்தார்.

"கொட்டிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை எதை வெச்சுண்ணே ஏறுவீங்க?"